படிவத்தில் ஒரு பொத்தான்

சங்கத்தின் பேரேடு கணினிக்குள் போய்விட்டால் பிழைக்கே இடமில்லை என்று அங்கத்தினர்களிற் பலர் நம்புகின்றனர். அந்நம்பிக்கை முழுவதும் சரியன்று. கணினியில் நாம் நிரப்பும் படிவமும் ஒருவர் அமைத்ததே. அதிலுள்ள ஒரு சிறு பொத்தான் தவறான எண்ணத்தை உண்டாக்கினால், நெசவாளர் ஒருவரின் கூலியே குறைந்துவிடக்கூடும். நாம் ஆய்வுக்குச் சென்ற ஒரு சங்கத்தில் இதனை நேரிற் கண்டோம்.

அச்சங்கத்தார் பாவும் ஊடை நூலும் வழங்கும் கணக்கை மைக்ரோசாப்ட் ஆக்சஸ் என்னும் தரவுத்தள மென்பொருளில் வைத்திருந்தனர். 1992ஆம் ஆண்டில் வெளிவந்த இம்மென்பொருளைக் கொண்டு, நிரல் எழுதப் பயிலாதவரும் அட்டவணைகளையும் படிவங்களையும் தாமே அமைத்துக்கொள்ளலாம். அச்சங்கத்து எழுத்தரும் அவ்வாறே ஒரு படிவம் அமைத்து, அதன் அடியில் ‘சேமி’ என்றொரு பொத்தானை வைத்திருந்தார்.

ஒரு நாள் அவர் நெசவாளர் ஒருவரின் எண்ணையும் நூலின் எடையையும் பதிந்தார். ரசீது எண்ணை இடுமுன், அந்த நூல் இருப்பில் இல்லையென்று கிடங்கிலிருந்து செய்தி வந்தது. ‘சேமி’யை அழுத்தவில்லையாதலால் பதிவு ஏறியிராது என்று கருதி, அவர் அடுத்த பதிவுக்கு நகர்ந்துவிட்டார். கூலி நாளன்று, வாங்காத நூல் அந்நெசவாளரின் கணக்கில் பற்றாக நின்றது.

“தம்பி, இந்த நூலை நான் வாங்கவே இல்லையே!” என்றார் நெசவாளர்.

“கம்ப்யூட்டரில் இருக்கிறதே, அண்ணே” என்றார் எழுத்தர்.

ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினோம்; அந்தப் பற்றுக்கு ரசீது இல்லை. பிடித்தம் அன்றே திருப்பித் தரப்பட்டது. காகித ரசீது இல்லாதிருந்தால் யார் சொல் நின்றிருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பிழையின் காரணம் யாது? ஆக்சஸில் அட்டவணையோடு பிணைக்கப்பட்ட படிவம், ஒரு பதிவிலிருந்து மற்றொன்றுக்கு நகர்ந்தாலும், படிவத்தை மூடினாலும், இட்டதைத் தானே சேமித்துவிடும். ஆகவே ‘சேமி’யை அழுத்தாதிருத்தல் பதிவைத் தடுக்காது. இட்டதை நீக்க வேண்டுமாயின், நகருமுன் எஸ்கேப் விசையை அழுத்த வேண்டும். முதல் முறை அழுத்தினால் அப்போது மாற்றிய கட்டமும், மறுமுறை அழுத்தினால் அந்தப் பதிவின் மாற்றங்கள் யாவும் பழைய நிலைக்குத் திரும்பும்.

இனி, பொத்தானை அமைக்கும் முறையைக் கூறுவோம். படிவத்தை ‘டிசைன் வியூ’வில் திறந்து, கருவிகளில் ‘பட்டன்’ என்பதைத் தேர்ந்து, வேண்டிய இடத்தில் வரைய வேண்டும். உடனே வழிகாட்டிப் பலகை ஒன்று தோன்றி, பதிவுகளில் உலாவுதல், பதிவுகளைக் கையாளுதல், படிவம், அறிக்கை, மென்பொருள், பிற என ஆறு வகைச் செயல்களைக் காட்டும். இரண்டாம் வகையில் ‘சேவ் ரெக்கார்ட்’ என்பதற்கு ஒன்றும், ‘அண்டூ ரெக்கார்ட்’ என்பதற்கு ஒன்றுமாக இரு பொத்தான்கள் அமைத்து, ‘சேமி’, ‘கைவிடு’ என்று தமிழிலேயே பெயரிடலாம். பொத்தானை அழுத்தினால் நடக்கவேண்டிய செயல், அதன் பண்புகளில் ‘ஆன் கிளிக்’ என்னும் இடத்தில் நிற்கும்.

இவ்விரண்டும் போதா. அட்டவணையில் ரசீது எண் கட்டத்திற்கு ‘ரிக்வயர்ட்’ என்னும் பண்பை ‘யெஸ்’ ஆக்கினால், ரசீது எண் இல்லாத பதிவு எவ்வழியிலும் ஏறாது. படிவத்தின் ‘பிஃபோர் அப்டேட்’ நிகழ்வில் ஒரு மேக்ரோ அமைத்து, ரசீது எண் இல்லையேல் தமிழில் எச்சரிக்கை காட்டவும், ‘கேன்சல் ஈவென்ட்’ மூலம் சேமிப்பை நிறுத்தவும் செய்யலாம். முன்னது கதவின் தாழ். பின்னது வாயிற்காவலரின் சொல்.

‘நீக்கு’ என்னும் பொத்தானை இப்படிவத்தில் வைக்கலாகாது என்பது நமது துணிபு. படிவத்தின் ‘அலவ் டிலீஷன்ஸ்’ பண்பையும் ‘நோ’ ஆக்கிவிட வேண்டும். பேரேட்டில் தவறிய வரியை நாம் சுரண்டி அழிப்பதில்லை. திருத்தப் பதிவு எழுதுகிறோம். கணினியிலும் அவ்வழக்கமே நன்று.

அங்கத்தினர்க்குக் கணக்கு நகல் அச்சிடும் பொத்தானில் இரு எச்சரிக்கைகள் உண்டு. வழிகாட்டி அமைத்துத் தரும் பொத்தான் அறிக்கை முழுவதையும் அச்சிடும். ஒருவர் கேட்க, அனைவர் கணக்கும் அவர் கையில் சேரும். மேக்ரோவில் ‘வேர் கண்டிஷன்’ என்னும் இடத்தில், படிவத்திலுள்ள அங்கத்தினர் எண்ணுக்குரியவை மட்டும் என்று வரையறுக்க வேண்டும். மேலும், அறிக்கை அட்டவணையிலிருந்தே எழுவதால், அச்சிடுமுன் பதிவைச் சேமிக்கும் கட்டளையும் அதே மேக்ரோவில் இருத்தல் அவசியம். இல்லையேல் அப்போது இட்ட தொகை நகலில் வராது.

அமைத்தபின், உண்மைக் கணக்கில் சோதிக்க வேண்டா. கோப்பின் படி ஒன்று எடுத்து, அதில் பொய்ப்பெயர் இட்டு, கட்டங்களை வெறுமையாக விட்டும், பாதியில் நகர்ந்தும், படிவத்தை மூடியும் பார்த்து, ஒவ்வொரு முறையும் அட்டவணையில் என்ன ஏறியது என்று நோக்க வேண்டும். அந்த எழுத்தர் இதனைச் செய்திருந்தால் கால் மணியில் உண்மை விளங்கியிருக்கும். இப்போது செய்துவிட்டார், நூல் வழங்கும் படிவத்தை முழுவதும் திருத்தியும் அமைத்துவிட்டார்.

நூற்கணக்கிற்குச் சொன்னது, விவசாயிகளுக்கு உரமும் விதையும் வழங்கும் சங்கங்களுக்கும் பொருந்தும். அங்கத்தினர் அடுத்த கூட்டத்தில் நான்கு கேள்விகள் கேட்கலாம். பாதியில் விட்ட பதிவு ஏறுமா? ரசீதின்றிப் பற்று விழுமா? பதிவை அழிக்க எவராலும் முடியுமா? கேட்டவுடன் என் கணக்கு மட்டும் எனக்குக் கிடைக்குமா? விடை சொல்வதோடு நில்லாமல், திரையில் அழுத்திக் காட்டும்படியும் கேளுங்கள். தத்தம் ரசீதுகளையும் ஆண்டு முடியும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.