பொழுது போகணும்ல!

புரட்டாசி பாதியில் காரைக்குடிப் பக்கமுள்ள குன்றக்குடிக்குப் போயிருந்தேன். அப்பத்தா முறையாகும் உறவுக்காரர், எழுபதைத் தாண்டியவர், திண்ணையில் உட்கார்ந்து கொட்டான் என்கிற பனையோலைக் கூடை பின்னிக்கொண்டிருந்தார். கொலு வைக்கிற வீடுகளில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுக்கவும், தீபாவளிப் பலகாரம் பகிரவும், ஐப்பசிக் கல்யாணங்களுக்கும் கொட்டான் கேட்டு ஆள் வருகிற காலம் இது.

பனங்குருத்தோலையை ஈரத்துணியில் சுருட்டி வைத்திருந்தார். காய்ந்த ஓலை மடக்கினால் முறியும். ஈரம் மிஞ்சினால் பூஞ்சை பிடிக்கும். நடு ஈர்க்கை உரித்துப் போட்டுவிட்டு, கத்தி நுனியால் ஓலையை வகிர்ந்தார். அடிப்பக்கம் பாய் முடைவதுபோல் சதுரமாக வளர்ந்தது. நான்கு மூலையும் மேலே எழும்புகிற இடம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். அந்த இடத்தில் பிடி தளர்ந்தால் கொட்டான் ஒருக்களித்துத்தான் நிற்கும்.

"இந்த வயசுல இது எதுக்கு அப்பத்தா?"

"சும்மா ஒக்காந்திருந்தா காலு மரத்துப்போகுதுப்பா. பொழுது போகணும்ல."

இந்தப் "பொழுது போகணும்ல" என்ற சொல்லை வாங்குகிறவர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். முந்தைய ஆண்டு நாற்பது கொட்டான் எடுத்துப்போன ஒரு கடைக்காரர் பாதிக்குத்தான் காசு கொடுத்தாராம். மீதியைக் கேட்டதற்கு, "ஆச்சி, நீங்க பொழுதுபோக்குக்குத்தானே பின்னுறீக? அடுத்த தடவை சேத்துத் தாரேன்" என்றிருக்கிறார். பெரியவர்களின் கைவேலையைப் பொழுதுபோக்கு என்று பேசிப் பேசியே அதன் கூலியைக் கரைத்துவிடுகிறோம். பேரன் பேத்திக்குச் செய்து கொடுப்பது ஆசைக்கு. கடைக்குக் கொடுத்தால் அது வியாபாரம், அதற்குச் சட்டம் இருக்கிறது.

2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, சரக்கை வாங்கியவர் எழுத்தில் ஒப்புக்கொண்ட நாளுக்குள் பணம் தர வேண்டும்; அந்தத் தவணையும் 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் 15 நாள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. திண்ணையில் உட்கார்ந்து பின்னுகிறவருக்கும் இது பொருந்தும். ஆனால் சரக்கைக் கொடுப்பதற்கு முன்பே குறுந்தொழிலாக அரசின் 'உத்யம்' தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆதாரும் பான் அட்டையும் போதும், கட்டணம் கிடையாது. இதற்குப் பணம் கேட்கிற இணையதளம் எதுவானாலும் அது அரசுத் தளம் அல்ல. பணம் வராவிட்டால் முறையிட வேண்டிய வசதியாக்கல் மன்றங்கள் சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் இருக்கின்றன. ஆன்லைனிலும் மனு போடலாம். கையில் வேண்டியதெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டு: எந்தத் தேதியில், எத்தனை, என்ன விலைக்கு, எடுத்துப்போனவர் கையெழுத்து. கையெழுத்துக் கேட்க முகம் கூசினால் வாட்ஸ்அப்பில், "இன்றைக்கு நாற்பது எடுத்துப் போனீங்க" என்று ஒரு வரி அனுப்பி வைத்தாலும் சாட்சிதான்.

அடுத்தது, வேலையே இல்லாமல் வேலை தருகிறவர்கள். "வீட்டிலிருந்தே கைவினைப் பொருள் செய்யுங்கள், நாங்களே வாங்கிக்கொள்கிறோம்" என்று விளம்பரம் வரும். முதலில் பதிவுக் கட்டணம், பிறகு மூலப்பொருளுக்கு முன்பணம். செய்து அனுப்பினால் "தரம் சரியில்லை" என்று திரும்பிவிடும். அத்தோடு விட்டால் பரவாயில்லை. ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், கைது செய்வார்கள் என்று வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒரு காகிதம் போனுக்கு வரும். சொன்ன நாளில் பொருளை முடித்துக் கொடுக்க முடியாமல் போவது உரிமையியல் விவகாரம், அதற்காக யாரும் வந்து கைது செய்ய மாட்டார்கள். பயந்து கட்டுகிற பணம்தான் அவர்களுடைய வருமானம். வேலை கொடுக்கிறவன் நம்மிடம் காசு கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள்.

மொத்தமாக நூறு கொட்டான் வேண்டும், அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணி யுபிஐ பின் நம்பர் போடுங்கள் என்பது இன்னொரு வகை. பணம் வருவதற்கு யுபிஐ பின் நம்பர் வேண்டாம், போவதற்குத்தான் வேண்டும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு விடியும்வரை காத்திருக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். பணம் இன்னொரு கணக்குக்குத் தாவும் முன் முடக்கினால்தான் மீளும். மோசடிக்கான பழைய 420ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவாகிவிட்டது. எண் மாறினாலும் குற்றம் அதேதான்.

இனிப் பெயர் சங்கதி. 'செட்டிநாடு கொட்டான்' புவிசார் குறியீடு பெற்றுப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. வழக்கொழிந்துகொண்டிருந்த இந்தப் பின்னலை மீட்டதில் எம்.ஆர்எம்.ஆர்எம். கலாச்சார அறக்கட்டளைக்கும் விசாலாட்சி ராமசாமிக்கும் பெரிய பங்குண்டு. சில இடைத்தரகர்கள், "எங்க மூலமாக் குடுத்தாத்தான் கொட்டான்னு சொல்லி விக்கலாம்" என்று மிரட்டுவதுண்டு. அப்படி இல்லை. செட்டிநாட்டில் உண்மையாகப் பின்னுகிற எவரும் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' ஆக விண்ணப்பிக்கலாம். பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. 500 ரூபாயாக இருந்த விண்ணப்பக் கட்டணத்தை 2020இல் 10 ரூபாய் ஆக்கினார்கள். புவிசார் குறியீட்டை விற்கவோ அடகு வைக்கவோ உரிமம் கொடுக்கவோ சட்டம் இடம் தருவதில்லை. ஆனால் பயனாளராகப் பதிந்தவர் காலமானால் அந்த உரிமை வாரிசுக்குப் போகும். நிலம் புலம் இல்லாத கிழவிக்கும் எழுதி வைக்க ஒன்று உண்டு என்று எனக்கு இதில் தனி மகிழ்ச்சி.

வயது விஷயத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. பனைமரத் தொழிலாளர் நல வாரியம் உள்ளிட்ட தமிழக வாரியங்களில் 18 வயதிலிருந்து 60 வரைதான் பதிய முடியும். பதிந்தவர்களுக்கு 60க்குப் பிறகு ஓய்வூதியம். வேலையெல்லாம் முடித்துச் சாவகாசமாகப் பின்ன உட்காரும்போது கதவு சாத்தியிருக்கும். ஐம்பதுகளில் இருக்கிற மகளோ மருமகளோ கூடப் பின்னுகிறார் என்றால் இப்போதே பதியச் சொல்லுங்கள். 60 தாண்டியவருக்கு வேறு வழிகள் உண்டு. ஆதரவற்றோருக்கான முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டிலிருந்து மாதம் 1,200 ரூபாய். மத்திய ஜவுளி அமைச்சகத்தின் 'பெஹ்சான்' கைவினைஞர் அடையாள அட்டையையும் வாங்கி வைப்பது நல்லது. மாநில அரசு 65 வயதுக்கு மேற்பட்ட கைவினைஞர்களுக்கு 'வாழும் கைவினைப் பொக்கிஷம்' விருது தருகிறது.

உடம்பைப் பற்றி அப்பத்தாவிடம் சொன்னால் சிரிப்பார். இருந்தாலும் சொல்கிறேன்: சர்க்கரை உள்ளவர்களுக்கு வெட்டுக்காயம் சீக்கிரம் ஆறாது என்பதால், கத்தியை வளர்ந்த பேரப்பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, வகிர்ந்த ஓலையை வாங்கிப் பின்னலாம். ஓலைக்குச் சாயம் ஏற்றுவதானால், சாயம் கொதிக்கிற பாத்திரத்தை வாசலில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். சாயப்பொடியைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள்; அந்தப் பாத்திரத்தில் பிறகு சமைக்காதீர்கள்.

கடைசியாக வீட்டுக்குள் நடக்கிற ஒன்று. "ஆத்தாதான் கொட்டான் பின்னிச் சம்பாதிக்குதே" என்று செலவுக்குக் கொடுக்காமல் நழுவுகிற பிள்ளைகள் உண்டு. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், சொந்த வருமானத்திலோ சொத்திலோ வாழ முடியுமா என்றுதான் பார்க்கிறது. ஓலையில் வரும் சில நூறு ரூபாய் அந்த உரிமையை அழிக்காது. கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தால் மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. காரைக்குடி வட்டத்துக்குத் தேவகோட்டைக் கோட்டாட்சியர். யாரிடம் கேட்பது என்றே தெரியாதவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் தொடங்கலாம்.

இவ்வளவையும் அப்பத்தாவிடம் சொல்லி, ஒரு நோட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஐப்பசியில் போன் செய்தார். அதே கடைக்காரர் வந்திருக்கிறாராம், இந்தத் தடவை அறுபது வேண்டுமாம்.

"கையெழுத்துப் போடச் சொன்னேன். மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டான். பழைய இருபதுக்கும் சேத்து எழுதி வாங்கிட்டேன்."

"பொழுது போகுதா அப்பத்தா?"

"வைப்பா போன. மூலை திருப்பணும்."