தலைக்குக் "கரண்ட்" வைத்துப் பல ஆண்டுகள் கழித்து...

மூளையில் கட்டி. ஆபரேஷன் ஆயிற்று. பிறகு ஆறு வாரம் தலைக்குக் "கரண்ட்" வைத்தார்கள். ஆள் பிழைத்து வீடு வந்து சேர்ந்தார்.

மூங்கில்துறைப்பட்டில் இப்படி ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் பழையபடி கரும்புத் தோட்டத்துக்குப் போகிறார். சர்க்கரை ஆலைக்கு வண்டி ஏற்றுகிறார். பத்து ஆண்டு ஓடிவிடுகிறது.

அப்புறம்தான் மாற்றம் தெரிகிறது. கொடுத்த கடனை மறக்கிறார். சின்னப் பேச்சுக்கும் எரிந்து விழுகிறார். நடை தடுமாறுகிறது. "வயசாகிவிட்டது" என்கிறார் ஒருவர். "குடிக்கிறாரோ?" என்கிறார் இன்னொருவர். மந்திரிக்கக்கூட அழைத்துப் போகிறார்கள்.

என்றைக்கோ வைத்த கரண்ட் யார் நினைவுக்கும் வருவதில்லை!

மின்சாரம் அல்ல

ஜனங்கள் கரண்ட் என்று சொன்னாலும், உடம்பில் மின்சாரம் பாய்வதில்லை. எக்ஸ்ரேயைப் போல, ஆனால் அதைவிடப் பல மடங்கு வலிமையான கதிர் அது. வலிக்காது.

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி பிறந்தது. சில ஆண்டுகளிலேயே அங்கே கோபால்ட் இயந்திரம் வந்துவிட்டது. இன்று புதுச்சேரி ஜிப்மரிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் இந்தச் சிகிச்சை உண்டு.

கதிரை அளக்கும் அளவுக்குப் பெயர் "கிரே". பொல்லாத மூளைக் கட்டிக்கு வழக்கமாக 60 கிரே கொடுப்பார்கள். ஒரேயடியாக அல்ல, 30 தவணையாக, ஆறு வாரத்தில். நல்ல மூளை தாங்கவேண்டும் என்பதற்காகத்தான் இந்தத் தவணை.

கடைமடை வாடுவது போல

அப்படியும் பக்கத்திலுள்ள நல்ல மூளையில் கொஞ்சம் கதிர் பட்டுவிடுகிறது. அங்குள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் மெல்ல மெல்லத் தடிக்கிறது. நரம்புக்கு மேலே, ஒயருக்கு ரப்பர் உறை இருப்பது போல, ஓர் உறை உண்டு. அதுவும் தேய்கிறது.

வாய்க்கால் தூர்ந்தால் தலைமடை வயல் உடனே காய்ந்துவிடாது. கடைமடைதான் வாடும், அதுவும் நாள் கழித்து. மூளையிலும் அதே கதைதான்.

சிகிச்சை நடக்கும்போது வரும் களைப்பும் தலைவலியும், ஒன்றிரண்டு மாதத்தில் வரும் தூக்கமும் பெரும்பாலும் தாமாகவே போய்விடும். ஆறு மாதத்துக்குப் பிறகு வருபவைதான் தொல்லை. அவை பல ஆண்டு கழித்தும் வரலாம்.

சிலருக்குக் கதிர் பட்ட இடத்துத் திசு செத்துப்போகிறது. முதல் இரண்டு மூன்று ஆண்டில்தான் இது அதிகம். ஸ்கேனில் பார்த்தால் பழைய கட்டியே திரும்பி வந்தது போலத் தெரியும்! பெரிய டாக்டர்களே திணறும் இடம் இது. கட்டிதான் என்று எண்ணி வீட்டார் மனம் உடைந்துவிடுகிறார்கள். செத்த திசுதான் என்று தெரிந்தால் ஸ்டீராய்டு மருந்து உண்டு; பெவாசிசுமாப் என்ற ஊசி உண்டு; சிலருக்கு ஆபரேஷன்.

இன்னும் சிலருக்கு, பல ஆண்டு கழித்துத் திடீரென்று கடும் தலைவலி வரும். ஒரு பக்கம் கைகால் மரக்கும், பேச்சுக் குழறும். பக்கவாதம் என்று வீடே அலறும். நாள்கணக்கில், வாரக்கணக்கில் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடுகிறது. ஆனால் உண்மையான பக்கவாதமும் வரலாம். ஆகவே வீட்டில் உட்கார்ந்து யோசிக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

மூளையின் அடியில் பிட்யூட்டரி என்ற சின்னச் சுரப்பி இருக்கிறது. கதிர் பட்டால் அது சோம்பிப்போகும். ஆள் எப்போதும் அசதியாக இருப்பார். "சோம்பேறி" என்ற பெயர்தான் மிஞ்சும். ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம். குறைவதை மருந்தால் ஈடுகட்டலாம். இதைத் தெரியாமல் விடுவதுதான் கொடுமை!

பிள்ளைகள் விஷயம்

குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் ஒரு காலத்தில் எமன். அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்து டாக்டர் டொனால்டு பிங்கெல் 1960-களில் ஒரு வழி கண்டார். மருந்து எட்டாமல் மூளையில் ஒளிந்திருக்கும் நோயைக் கொல்லத் தலைக்கும் கதிர் கொடுத்தார். பாதிக் குழந்தைகள் பிழைத்தன! நம் அடையாற்றிலும், பம்பாய் டாட்டா ஆஸ்பத்திரியிலும், டில்லியிலும் 1980-களில் கையாண்ட சிகிச்சையிலும் தலைக்குக் கதிர் இருந்தது. எத்தனையோ உயிர்கள் அதனால் மீண்டன.

பிழைத்த பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். சிலருக்குக் கணக்கு ஏறவில்லை. கவனம் நிற்கவில்லை. சிலர் உயரம் வளரவில்லை. சின்ன வயதில் கதிர் பட்டவர்களுக்கே பாதிப்பு அதிகம். காரணம் தெரியாமல், மார்க் குறைந்ததற்கு அடி வாங்கிய பிள்ளை எத்தனையோ! இன்று பெரும்பாலான ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குத் தலைக் கதிர் இல்லாமலே மருந்தால் குணம் கிடைக்கிறது.

பெரியவர்களுக்கும் முறை மாறிவருகிறது. மூளையில் நினைவைக் காக்கும் பகுதிக்கு ஹிப்போகாம்பஸ் என்று பெயர். முழு மூளைக்கும் கதிர் வைக்கும்போது அந்த இடத்தை ஒதுக்கி வைத்தால் மறதி குறைகிறது என்று 2020-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி காட்டியது. கதிரை நினைத்த ஆழத்தில் நிறுத்தும் புரோட்டான் சிகிச்சையும் 2019-ல் சென்னைக்கு வந்துவிட்டது. செலவுதான் எட்டாத உயரம்!

இதையெல்லாம் படித்துவிட்டு, கரண்டே வேண்டாம் என்று யாரும் ஓடிவிடாதீர்கள். கட்டியை விட்டால் அது பத்து ஆண்டு பொறுக்காது. எல்லோருக்கும் இந்தத் தொல்லைகள் வருவதுமில்லை.

எத்தனை கிரே, தலையில் எந்தப் பக்கம், எந்த ஆண்டு என்ற விவரம் ஆஸ்பத்திரி கொடுக்கும் டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கும். பட்டாவும் ரேஷன் கார்டும் வைத்திருக்கும் பெட்டியிலேயே அதையும் வையுங்கள். இருபது ஆண்டு கழித்துத் தலைவலி என்று போனாலும், கள்ளக்குறிச்சி டாக்டரிடம் முதலில் அதைக் காட்டுங்கள்.