என்ஜினைக் கொன்ற இரும்புத் துகள்!

அமெரிக்காவில் ஒரு பெரிய சாலை. கார்கள் மணிக்கு 100 கிலோ மீட்டருக்கு மேல் பறக்கின்றன. அவற்றில் ஒரு காரில் கணவன், மனைவி. பின்னால் இரண்டு குழந்தைகள்.

திடீரென்று என்ஜினில் "டக் டக்" என்று ஒரு சத்தம்! உள்ளே யாரோ உட்கார்ந்து சுத்தியலால் தட்டுவது போல! சற்று நேரத்தில் கார் நடுச் சாலையில் நின்றுவிடுகிறது. பின்னால் வந்த லாரிக்காரர் சமயத்தில் பிரேக் போட்டால் பிழைத்தார்கள்!

இப்படி நின்றது ஒரு கார் அல்ல. "ஹூண்டாய் சொனாட்டா" என்ற காரின் 2011-ம் ஆண்டு மாடலையும், அதற்குப் பின் வந்த மாடல்களையும் வாங்கிய பலருக்கு இதே கதி நேர்ந்தது. சிலருடைய கார் தீப்பிடித்தும் எரிந்தது.

ஹூண்டாய், தென் கொரியாவைச் சேர்ந்த கம்பெனி. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலும் அதற்குத் தொழிற்சாலை இருப்பதால், நமக்கும் பழகிய பெயர்தான். அமெரிக்காவில் விற்ற சொனாட்டா கார்கள் அந்நாட்டின் அலபாமா மாநிலத்தில் தயாராயின. அவற்றில் பொருத்திய என்ஜினுக்கு "தீட்டா-2" என்று பெயர். கூட்டாளிக் கம்பெனியான "கியா"வும் இதே என்ஜினைத் தன் கார்களில் வைத்தது.

எண்ணெய்க்கு வழி இல்லை!

மாட்டு வண்டியின் அச்சுக்கு மை போடாமல் ஓட்டினால் என்ன ஆகும்? கிறீச்சிடும், தேயும், கடைசியில் ஒடியும். காரின் வயிற்றிலும் ஓர் அச்சு உண்டு. மெக்கானிக்குகள் "கிராங்க்" என்று சொல்வது அதைத்தான். அது நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுழல்கிறது. மை போட்டு இதற்குக் கட்டுப்படி ஆகாது. ஆகவே, அச்சுக்குள்ளேயே மெல்லிய துளைகள் வைத்து, அவற்றின் வழியாக இடைவிடாமல் எண்ணெய் ஓட விடுகிறார்கள்.

தொழிற்சாலையில் அந்தத் துளைகளைக் கடையும்போது இரும்புத் துகள் உதிரும். அதைச் சுத்தமாகக் கழுவி எடுத்துவிட வேண்டும். சில என்ஜின்களில் துகள் உள்ளேயே தங்கிவிட்டது! அது எண்ணெயை மறித்தது. எண்ணெய் இல்லாத பேரிங் தேய்ந்தது. "டக் டக்" என்ற சத்தம் அங்கிருந்து வந்ததுதான்.

"ரசீது எங்கே?"

புது என்ஜின் போடப் பல ஆயிரம் டாலர் வேண்டும். கார் வாங்கியவர்கள், "உத்தரவாதம் கொடுத்தீர்களே, மாற்றித் தாருங்கள்" என்று விற்பனை நிலையத்துக்குப் போனார்கள்.

"எண்ணெய் மாற்றிய ரசீதுகளைக் கொண்டுவாருங்கள்" என்று பதில் வந்தது! ரசீது இல்லையென்றால், எண்ணெயைக் காலாகாலத்தில் மாற்றாதது உங்கள் தவறு என்று கையை விரித்தார்கள். பலர் கோர்ட்டில் சொன்ன புகார் இது. கடையில் கொடுக்கும் சீட்டை வாசலிலேயே கசக்கிப் போட்டுவிட்டு வருகிறவர்கள் நாம். ஐந்து வருஷத்து எண்ணெய் ரசீதை எத்தனை பேர் கட்டி வைத்திருப்பார்கள்?

பழைய கார் வாங்கியவர் பாடு இன்னும் மோசம். காரை முதலில் வாங்கியவருக்கு 10 ஆண்டு அல்லது ஒரு லட்சம் மைல் வரை என்ஜினுக்கு உத்தரவாதம் உண்டு. அதே கார் இன்னொருவர் கைக்கு மாறினால், அது 5 ஆண்டு அல்லது 60 ஆயிரம் மைலாகக் குறைந்துவிடும்! கையில் பணம் குறைவாக உள்ளவர்தானே பழைய கார் வாங்குகிறார்? அவருக்குத்தான் பாதுகாப்பும் குறைவு.

2015 செப்டம்பரில் கம்பெனி இறங்கி வந்தது. 2011, 2012 மாடல் சொனாட்டா கார்கள் சுமார் 4 லட்சத்து 70 ஆயிரத்தைத் திரும்ப அழைத்து, பழுதான என்ஜினை இலவசமாக மாற்றித் தர முன்வந்தது. 2013-ம் ஆண்டு மாடல் வைத்திருந்தவர்? பட்டியலில் இல்லை. கியா கார் வைத்திருந்தவர்? அவரும் இல்லை!

விமானம் ஏறிய என்ஜினீயர்

அப்போது கொரியாவில் ஒருவர் மனம் பொறுக்காமல் இருந்தார். அவர் பெயர் கிம் குவாங் ஹோ. ஹூண்டாய் கம்பெனியில் 25 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்த என்ஜினீயர். கோளாறு கம்பெனி சொன்னதைவிடப் பெரியது என்பது உள்ளே இருந்த அவருக்குத் தெரியும்.

2016-ல் கம்பெனியின் உள் காகிதங்களை எடுத்துக்கொண்டு அவர் வாஷிங்டனுக்கு விமானம் ஏறினார். அமெரிக்க அரசாங்கத்தின் சாலைப் பாதுகாப்பு அதிகாரிகளிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

அந்த ஆண்டு நவம்பரிலேயே வேலை போயிற்று! ரகசியத்தை வெளியிட்டார் என்பது குற்றச்சாட்டு. போலீசார் அவர் வீட்டில் சோதனை போட்டார்கள். அவரை மீண்டும் வேலையில் சேர்க்கும்படி 2017-ல் கொரியாவின் ஊழல் தடுப்பு ஆணையம் சொல்லியது. திரும்பச் சேர்ந்தார், ஆனால் அதிக நாள் இருக்கவில்லை.

அவர் கொடுத்த காகிதங்கள் வீண் போகவில்லை. 2017 மார்ச்சில் ஹூண்டாயும் கியாவும் அமெரிக்காவில் மேலும் சுமார் 12 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தன. முன்பு விடுபட்ட 2013, 2014 மாடல் சொனாட்டாக்களும் இதில் அடக்கம். அடுத்த மாதம் கொரியாவிலும் சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் கார்களை அழைக்க வேண்டி வந்தது.

காலம் கடத்தி அழைத்ததற்காக, 2020 நவம்பரில் அமெரிக்க அதிகாரிகள் விதித்த அபராதம் 21 கோடி டாலர்! ஹூண்டாய்க்கு 14 கோடி, கியாவுக்கு 7 கோடி. (குற்றச்சாட்டைத் தாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை, வழக்கு நீளாமல் இருக்கவே சம்மதிக்கிறோம் என்றது கியா.) இதில் இரண்டு கம்பெனிகளும் உடனே ரொக்கமாகக் கட்ட வேண்டியது 8 கோடியே 10 லட்சம். துப்புக் கொடுத்தவருக்கு வசூலான பணத்தில் 30 சதவீதம் வரை கொடுக்கலாம் என்று 2015-ல் அங்கே சட்டம் வந்திருந்தது. 2021 நவம்பரில் கிம்முக்கு 2 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது!

காருக்கு ஆயுள் உத்தரவாதம்

கார்க்காரர்களுக்கு என்ன கிடைத்தது? அவர்கள் தனித்தனியாக அலையாமல், ஒன்றுசேர்ந்து கலிபோர்னியாவில் வழக்குத் தொடர்ந்திருந்தார்கள். ஒருவர் தனியாகப் போனால் வக்கீல் செலவுக்கே கார் விற்க வேண்டும். லட்சக்கணக்கானவர்கள் ஒரே வழக்காகப் போனதால் கம்பெனி பேச்சு வார்த்தைக்கு வந்தது. 2019-ல் சமரசம், 2021-ல் கோர்ட்டு அதை ஏற்றது.

அதன்படி, 2011 முதல் 2019 வரையிலான மாடல்களில் இந்த என்ஜின் உள்ள கார்களுக்கு, என்ஜினின் அடிப்பாகத்துக்கு ஆயுள் காலம் முழுவதும் உத்தரவாதம். பழைய காராக வாங்கியவருக்கும் உண்டு! முன்பே சொந்தப் பணத்தில் ரிப்பேர் செய்தவர்கள், காரை இழுத்து வரவும் வாடகைக் கார் எடுக்கவும் செலவழித்தவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்றும் முடிவாயிற்று.

ரசீது விஷயம் என்ன ஆயிற்று? நெடுநாள் கேட்பாரற்று, பாழடைந்து கிடந்த கார் என்றால்தான் கம்பெனி மறுக்கலாம். வெறும் ரசீது இல்லை என்பதற்காகக் கையை விரிக்க முடியாது.

ஆனால் ஒரு நிபந்தனை. காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு புதுத் திட்டத்தை ஏற்றிக்கொள்ள வேண்டும். பேரிங் தேயத் தொடங்கினால் உண்டாகும் அதிர்வை அது மோப்பம் பிடிக்கும். உடனே விளக்கு மினுக்கி எச்சரிக்கும். கார் வேகமாக ஓடாதபடி தானே அடக்கிவிடும். நடுச் சாலையில் திடீரென்று நிற்பதற்கு முன், ஓரமாக ஒதுங்க அவகாசம் கிடைக்கிறது. இதை ஏற்றக் கட்டணம் கிடையாது. ஏற்றிக்கொள்ளாத காருக்கு ஆயுள் உத்தரவாதமும் கிடையாது.