தொழிலுக்கான இடம்: வாடகையோடு காலத்தையும் கணக்கிடுங்கள்

தொழிலுக்கு இடம் தேடுவோர் முதலில் கேட்கும் கேள்விகள் இரண்டு: வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு? கடன் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் வங்கி அலுவலரோ மூன்றாவதாக ஒன்றைக் கேட்பார்: அந்த இடத்தில் எத்தனை ஆண்டுகள் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு? அறுபது மாதத் தவணையில் கடன் கோரும் விண்ணப்பத்துடன் பதினோரு மாத வாடகை ஒப்பந்தம் இணைக்கப்பட்டிருப்பதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். கடனின் ஆயுள் ஐந்தாண்டு. அந்தக் கடனை அடைக்கும் வருவாயை ஈட்டித் தர வேண்டிய இடத்தின் ஆயுளோ ஓராண்டுக்கும் குறைவு. இந்த இடைவெளியால் விளையும் இடர்களையும், அவற்றைத் தவிர்க்கும் வழிகளையும் காண்போம்.

உண்மையான வாடகை எது?

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். கடையின் மாத வாடகை ₹40,000. பத்து மாத வாடகையான ₹4 லட்சம் முன்பணம். தரை, அலமாரிகள், மின்னிணைப்பு, பெயர்ப் பலகை ஆகியவற்றுக்கு ₹6 லட்சம் செலவு.

முன்பணம் திரும்பி வரும் தொகைதான். ஆயினும் அதற்கு வட்டி கிடைப்பதில்லை. ஆண்டுக்கு 10 விழுக்காடு என்று கொண்டால், மாதம் ₹3,333 மறைமுகச் செலவாகிறது. அலங்காரச் செலவான ₹6 லட்சமோ திரும்பி வராது. பதினோரு மாதத்தில் இடத்தைக் காலி செய்ய நேர்ந்தால், அது மாதம் ₹54,545 ஆகிறது. அறுபது மாதம் இருக்க முடிந்தால் மாதம் ₹10,000 மட்டுமே. ஆக, அதே கடைக்கு உண்மையான மாதச் செலவு முதல் நிலையில் ₹97,878. இரண்டாம் நிலையில் ₹53,333. வாடகையில் ஆயிரம் இரண்டாயிரம் குறைக்கப் பேசுவதைக் காட்டிலும், ஒப்பந்தக் காலத்தை நீட்டிக்கப் பேசுவது எவ்வளவு பயனுடையது என்பது இதிலிருந்து விளங்கும்.

வாடகை உயர்வையும் இவ்வாறே எழுதிப் பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் 5 விழுக்காடு, மூன்றாண்டுக்கு ஒரு முறை 15 விழுக்காடு ஆகிய இரண்டும் கேட்பதற்கு ஒன்றுபோல் தோன்றும். ₹40,000 வாடகைக்கு முதல் மூன்று ஆண்டுகளில் முதல் முறையில் ₹15,13,200 செலுத்துவோம். இரண்டாம் முறையில் ₹14,40,000. வேறுபாடு ₹73,200.

முன்பணத்துக்கு நாடு முழுவதற்குமான ஒரே உச்சவரம்பு இல்லை. ஒன்றிய அரசு 2021-இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்பல்லாத கட்டடங்களுக்கு ஆறு மாத வாடகையை உச்சவரம்பாகக் கூறுகிறது. மாநிலம் ஏற்றுச் சட்டமாக்கினால்தான் இது கட்டுப்படுத்தும் என்றாலும், பேச்சுவார்த்தையில் எடுத்துக்காட்டத் தக்க அளவுகோல் இது.

பதினோரு மாதம் ஏன்?

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் விதிக்கிறது. முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் தவிர்க்கும் நோக்கிலேயே பதினோரு மாத ஒப்பந்தம் வழக்கத்துக்கு வந்தது. அக்காலம் முடிந்தபின் புதுப்பிக்க வேண்டிய கட்டாயம் பொதுவாக உரிமையாளருக்கு இல்லை.

இதைவிட ஆபத்தானது, ஐந்தாண்டு என்று முத்திரைத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டு, பதிவு செய்யாமல் வைத்திருப்பது. பதிவு செய்யப்படாத அந்தப் பத்திரத்தை ஐந்தாண்டுக் கால உரிமைக்குச் சான்றாக நீதிமன்றம் ஏற்பதில்லை. அந்நிலையில் கடைக்கான வாடகை, 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின்படி மாதவாடகையாகவே கருதப்படும். அதனை முடித்துக்கொள்ளப் பதினைந்து நாள் அறிவிப்பு போதுமானது. மாநில வாடகைச் சட்டங்கள் தரும் பாதுகாப்பு இடத்துக்கு இடம் வேறுபடுவதால், அதை மட்டும் நம்பி முதலீடு செய்வது உசிதமன்று.

மும்பை, புணே போன்ற நகரங்களில் தொழில் செய்வோர் மற்றொன்றையும் அறிந்திருத்தல் நலம். அங்குப் பெரிதும் வழங்கும் ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ ஒப்பந்தம் குத்தகை அன்று. இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளத் தரும் அனுமதி மட்டுமே. உரிமையாளர் கட்டடத்தை விற்றுவிட்டால், பதிவு செய்த குத்தகை வாங்கியவரையும் கட்டுப்படுத்தும். அனுமதி ஒப்பந்தம் கட்டுப்படுத்தாது. மகாராஷ்டிரத்தின் 1999-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, இத்தகைய ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்கானதே ஆயினும் பதிவு செய்யப்பட வேண்டும். அந்தப் பொறுப்பு உரிமையாளருடையது.

இடத்துக்கு அனுமதி உண்டா?

முறையாகப் பதிவான பத்திரமும், அந்த இடத்தில் அந்தத் தொழிலை நடத்தவே கூடாது எனில் பயன் தராது. 2006-இல் உச்ச நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து, டெல்லியில் குடியிருப்புப் பகுதிகளில் இயங்கிய கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் மாநகராட்சி முத்திரையிட்டு மூடியது. பல ஆண்டுகள் வாடகை செலுத்தி வணிகம் செய்தவர்களும் அதற்குத் தப்பவில்லை. 2007-இல் அறிவிக்கப்பட்ட டெல்லி பெருந்திட்டம், குறிப்பிட்ட தெருக்களில் கலப்புப் பயன்பாட்டை அனுமதித்தது. எனினும் 2017 இறுதியில் முத்திரையிடும் நடவடிக்கை மீண்டும் தொடங்கியது. ‘இந்தத் தெருவில் எல்லாருமே கடை நடத்துகிறார்கள்’ என்பது அனுமதி ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எனவே, அந்த நிலத்தின் பயன்பாட்டு வகைப்பாடு என்ன, கட்டட அனுமதி எந்தப் பயன்பாட்டுக்கு வழங்கப்பட்டது, சொத்துவரி எந்த வகையில் விதிக்கப்படுகிறது ஆகியவற்றை உள்ளாட்சி அலுவலகத்தில் சரிபார்க்க வேண்டும். உற்பத்தித் தொழிலாயின், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வண்ண வகைப்பாட்டில் தொழில் எங்கு அமைகிறது என்பதையும், அந்த வகைத் தொழிலுக்கு அப்பகுதியில் இடமுண்டா என்பதையும் பார்க்க வேண்டும். மின்சாரத்திலும் இதே கவனம் தேவை. இணைப்பு எந்தக் கட்டண வகையைச் சேர்ந்தது, மும்முனை இணைப்பா, அனுமதிக்கப்பட்ட மின்பளு எத்தனை கிலோவாட் ஆகியவை மின்கட்டண ரசீதைக் கொண்டே தெரிந்துகொள்ளக் கூடியவை. இயந்திரங்கள் வந்து இறங்கிய பின் கூடுதல் மின்பளுவுக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தால், உற்பத்தி தொடங்கும் முன்பே தவணை தொடங்கிவிடும்.

கட்டடம் அடமானத்தில் உள்ளதா?

வாடகைதாரர்கள் மிக அரிதாகக் கேட்கும் கேள்வி இது. உரிமையாளர் அக்கட்டடத்தை ஒரு வங்கியில் அடமானம் வைத்திருக்கலாம். அதில் தவறேதுமில்லை. ஆனால், வங்கிகளின் அடமானப் பத்திரங்கள் பெரும்பாலும், வங்கியின் ஒப்புதலின்றிக் கட்டடத்தைக் குத்தகைக்கு விடக் கூடாது என்று நிபந்தனை விதிக்கின்றன. கடன் வாராக்கடனாகி, 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டத்தின்கீழ் அறுபது நாள் அறிவிப்பு வழங்கப்பட்ட பின்னர், வங்கியின் எழுத்துப்பூர்வ ஒப்புதலின்றி உரிமையாளர் புதிய குத்தகை தர இயலாது. ஒப்புதல் பெறாத குத்தகையை நம்பி முதலீடு செய்தவர், தாம் வாடகையை ஒழுங்காகச் செலுத்தி வந்தபோதும், உரிமையாளரின் கடனுக்காக இடத்தை இழக்க நேரலாம்.

இதைத் தவிர்க்க, வில்லங்கச் சான்று வழங்கப்படும் மாநிலங்களில் அதனைப் பெற்றுப் பார்க்க வேண்டும். உரிமைப் பத்திரங்களை ஒப்படைத்து ஏற்படுத்தும் அடமானம் எல்லா மாநிலங்களிலும் அச்சான்றில் தவறாமல் இடம்பெறும் என்று எண்ணிவிட வேண்டாம். வங்கிகளின் அடமானங்கள் பதிவாகும் ‘செர்சாய்’ மையப் பதிவேட்டில், சிறு கட்டணம் செலுத்திப் பொதுமக்களும் தேடலாம். அடமானம் இருப்பது தெரிந்தால் அந்த இடத்தைக் கைவிட வேண்டியதில்லை. கடன் தந்த வங்கியின் ஒப்புதல் கடிதத்தைப் பெற்றுத் தருமாறு உரிமையாளரைக் கேட்டாலே போதும்.

ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டியவை

• காலம்: கடன் தவணை முடியும் நாளைத் தாண்டியதாக இருக்க வேண்டும். ஐந்தாண்டுக் கடனுக்கு, மூன்றாண்டுக் குத்தகையும் மேலும் மூன்றாண்டு புதுப்பித்துக்கொள்ளும் உரிமையும் பொருந்தும். புதுப்பிக்கும்போது வாடகை எவ்வளவு என்பதும் எழுதப்பட வேண்டும்.

• வெளியேறும் விதி: குறிப்பிட்ட காலம்வரை உரிமையாளர் காலி செய்யச் சொல்லக் கூடாது, வாடகைதாரர் மூன்று மாத அறிவிப்பில் வெளியேறலாம் என்று பேச முயல வேண்டும்.

• முன்பணம்: திருப்பித் தரும் நாள், கழிக்கத் தக்க இனங்கள், தாமதத்துக்கான வட்டி. தொகையை வங்கிக் கணக்கு வழியாகவே செலுத்துங்கள்.

• பொருத்திய பொருள்கள்: வாடகைதாரர் தம் செலவில் பொருத்தியவற்றை எடுத்துச் செல்லும் உரிமை, பட்டியலுடன்.

• கையொப்பம்: கூட்டுரிமைச் சொத்தாயின் உரிமையாளர் அனைவரும், முகவர் கையொப்பமிட்டால் அவருடைய அதிகாரப் பத்திரத்தின் நகலும்.

வரியும் காப்பீடும்

வணிக வாடகைக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு. உரிமையாளர் பதிவு பெறாதவராகவும் வாடகைதாரர் பதிவு பெற்றவராகவும் இருந்தால், 2024 அக்டோபர் 10 முதல் அந்த வரியை வாடகைதாரரே நேரடியாகச் செலுத்த வேண்டும். தொகுப்பு வரித் திட்டத்தில் உள்ளோருக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. உரிமையாளரின் கட்டடக் காப்பீடு உங்கள் சரக்கைக் காக்காது. சரக்குக் காப்பீட்டை நீங்களே எடுக்க வேண்டும். இடம் மாறினால் காப்பீட்டுப் பத்திரத்தில் முகவரியை உடனே மாற்றிக்கொள்ளுங்கள்; வங்கிக்கும் தெரிவியுங்கள்.

மேற்கண்ட அனைத்தும் முன்பணம் கை மாறுவதற்கு முன் செய்யத் தக்கவை. முன்பணம் கொடுத்தபின் பேசும் வலிமை குறைந்துவிடும். எனவே, ஒப்பந்த வரைவு உங்கள் கைக்கு வந்ததும் முதலில் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். கடன் பெற எண்ணினால் வரைவின் நகலுடன் உங்கள் கிளைக்கும் வாருங்கள். தவணைக் காலமும் குத்தகைக் காலமும் ஒத்துப்போகின்றனவா என்பதைக் கையொப்பத்துக்கு முன்பே சேர்ந்து பார்த்துவிடலாம்.