கடல் கடந்த ஆர்கன்

ஒரு தேவாலயத்தை மூடினால் பெஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். சுவரை அடைத்து நிற்கும் பைப் ஆர்கன் என்ற குழாய் இசைக்கருவியை என்ன செய்வது? அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்து வோபர்ன் ஊரின் யூனிட்டேரியன் தேவாலயம் மூடப்பட்டபோது எழுந்த கேள்வி இது. அங்கிருந்தது, பாஸ்டனின் ஹூக் சகோதரர்கள் 1870-இல் செய்துகொடுத்த ஆர்கன். நல்லவேளை, உடைத்துப் பழைய ஈயத்துக்குப் போடவில்லை. குழாய் குழாயாகக் கழற்றினார்கள். பென்சில் பருமனில் குழாய் உண்டு, ஆள் உயரத்தைத் தாண்டிய மரக்குழாயும் உண்டு. ஈயமும் வெள்ளீயமும் கலந்த குழாய்கள் மிருதுவானவை. அழுத்திப் பிடித்தாலே நெளியும். நெளிந்தால் நாதம் கெடும். அத்தனையும் கடல் கடந்து, ஜெர்மனியில் பழுது பார்க்கப்பட்டு, 2001-இல் பெர்லினின் திருச்சிலுவை தேவாலயத்தில் மறுபடி ஒலித்தன!