பில்லரில் விரிசல் கண்டால்

கான்கிரீட் கட்டடத்தில் தளத்தின் பாரத்தை வாங்கி இரு முனைகளுக்கும் கடத்துவது பீம். அந்தப் பாரத்தை மாடி மாடியாக அஸ்திவாரம் வரை இறக்குவது பில்லர். பாரம் ஏறினால் பீம் வளையப் பார்க்கும். அதன் நடுப்பகுதியில் மேற்பக்கம் நசுங்கும், அடிப்பக்கம் இழுபடும். கான்கிரீட் நசுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதனால்தான் பீமின் நடுவில் முக்கியக் கம்பி அடியில் ஓடுகிறது. பில்லரை ஒட்டிய இடத்தில் இழுப்பு மேற்பக்கத்துக்கு மாறுகிறது, அங்கே கம்பி மேலே இருக்க வேண்டும். பில்லர் பெரும்பாலும் நசுக்கத்தில் நிற்பது. அதன் நெடுங்கம்பிகள் பாரத்தில் வெளியே பிதுங்காமல் கட்டிப்பிடிப்பவை ரிங்குகள்.

ஒழுங்காகக் கம்பி கட்டிய பீம் பழுதானால் முதலில் தொய்யும், விரிசல் விடும், ஆட்கள் வெளியேற நேரம் தரும். பில்லர் அப்படி நேரம் தருவதில்லை. அது நொறுங்கினால் மேலே உள்ள எல்லா மாடிகளும் கூடவே இறங்கும். ஆகவே பீமைவிடப் பில்லர் பலமாக இருக்க வேண்டும் என்பது நிலநடுக்கத்துக்கான ஐ.எஸ். 13920 என்ற இந்தியத் தரவிதியின் அடிப்படைகளில் ஒன்று. பீமும் பில்லரும் சேரும் மூட்டில் பில்லர்களின் வளைவுப் பலம் பீம்களுடையதைப் போல் குறைந்தது 1.4 மடங்கு வேண்டும் என்கிறது 2016 பதிப்பு. பில்லரின் சிறிய பக்கமும் 300 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. சுவருக்குள் மறைய வேண்டும் என்று 9 அங்குலத்தில் பில்லர் நிறுத்தும் வழக்கம் இதற்கு ஒத்துவராது.

இந்த விதி கேரளத்தின் பாலக்காட்டுக்கும் இடுக்கிக்கும் எதற்கு என்று கேட்பதற்கில்லை. ஐ.எஸ். 1893இன் 2016 பதிப்பு கேரளம் முழுவதையும் மூன்றாம் நிலநடுக்க மண்டலத்தில் வைத்தது. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர், பாலக்காட்டுக் கணவாய் வட்டாரத்தை ஏறக்குறைய 6 ரிக்டர் அளவுள்ள நடுக்கம் உலுக்கியது. 2000 டிசம்பர் 12 அன்று இடுக்கியை ஒட்டிய ஈராற்றுப்பேட்டைப் பக்கம் 5 அளவில் ஒன்று வந்தது.

இடுக்கியின் சரிவுகளில் ஆபத்து இன்னும் கூடுதல். சாலை மட்டத்தில் வாசல் வைத்து, பள்ளத்துப் பக்கம் உயரமான பில்லர்களை நிறுத்திக் கட்டும் வீடுகளிலும் லாட்ஜுகளிலும் ஒரே தளத்தை நீளப் பில்லரும் குட்டைப் பில்லரும் சேர்ந்து தாங்குகின்றன. பார்வைக்கு நீளமானதே பலவீனமாகத் தெரியும். ஆனால் நிலம் ஆடும்போது குட்டைப் பில்லர்தான் முதலில் அடிவாங்கும். மற்ற அளவுகள் ஒன்றாக இருந்து உயரம் மட்டும் பாதியானால் பில்லரின் விறைப்பு 8 மடங்காகும். ஆட்டத்தின் விசையில் பெரும்பங்கை அதுவே இழுத்துக்கொண்டு குறுக்காக வெடிக்கும். அதில் ரிங்குகளை நெருக்கி, கொக்கிகளை 135 பாகையில் உள்நோக்கி மடக்க வேண்டும். பள்ளத்துப் பக்கத்து நீளப் பில்லர்களுக்கு இடையில் பிணைப்பு பீம் போட வேண்டும், இல்லாவிட்டால் பாரத்தில் அவை வளைந்துவிடும். சரிவே பெயர்ந்து வந்தால் எந்தப் பில்லரும் நிற்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2020 ஆகஸ்ட் 6 இரவு இடுக்கியின் பெட்டிமுடியில் நேர்ந்த நிலச்சரிவில் 70 உயிர்கள் போயின.

பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வாளையார்ப் பக்கம் பிரச்சினை வேறு. கணவாய்க் காற்றும் வெயிலும் கான்கிரீட்டைச் சீக்கிரம் உலர்த்திவிடும். வெப்பமும் வறட்சியும் உள்ள இடத்தில் குறைந்தது 10 நாள் கியூரிங் செய்ய வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456. 6 மீட்டர் வரையிலான பீமின் அடிமுட்டுகளை 14 நாளுக்கு முன் பிரிக்கக்கூடாது. சென்ட்ரிங் வாடகை ஏறுகிறதென்று முட்டுகளை முன்னதாகவே எடுப்பதும், கலவை இளகி வர வேண்டும் என்று தண்ணீரைக் கூட்டுவதும் வீட்டின் ஆயுளை விற்பதாகும்.

பீமின் நடுவில், அடியில், மயிரிழை போன்ற விரிசல் இருந்தால் பொறியாளரிடம் காட்டிக் கண்காணிக்கலாம். பில்லருக்கு அருகில் பீமில் சாய்வாக ஓடும் விரிசலும், பில்லரில் கம்பியின் வழியே துருக்கறையோடு நீளும் விரிசலும், கான்கிரீட் உரிந்து கம்பி தெரிவதும் காத்திருக்கக் கூடாதவை. சிமென்ட் பூசி மறைக்காமல், மேல்தளத்துப் பாரத்தை இறக்கி, ஆட்களை வெளியேற்றி, தகுதியுள்ள ஆள் சொல்லும் இடத்தில் பீமுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். குழாய்க்காகப் பில்லரைக் கொத்துவதும், ஒற்றை மாடிக்குப் போட்ட பில்லர்மேல் அனுமதியின்றி இன்னொரு மாடி ஏற்றுவதும் அறவே கூடாது.

கேரளத்தில் 300 சதுர மீட்டருக்கு உட்பட்ட இரண்டு மாடி வரையிலான சிறு வீடுகளுக்கு உரிமம் பெற்ற பொறியாளரின் சுயசான்றே அனுமதிக்குப் போதும். அதனால் பில்லர், பீம் கம்பி விவரமுள்ள வரைபடத்தை அவர் கையெழுத்தோடு கேட்டு வாங்கி வைப்பது வீட்டுக்காரரின் பொறுப்பாகிறது. காசு வாங்கிக்கொண்டு கட்டிக்கொடுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவை. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. குறை எழுந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். ரெரா எனப்படும் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வரும் அடுக்ககத்தில், ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறையை 30 நாளில் இலவசமாகச் சரிசெய்வது கட்டுநரின் கடமை.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் பெரும்பாலும் பில்லர் இல்லாத சுவர்க் கட்டடங்கள். அங்கே சுவரே பில்லர். நிர்வாகம் கொடுத்த வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தாரோ இறந்தால், காயப்பட்டால், நிர்வாகம் இழப்பீடு தர வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 1981இல் சேர்க்கப்பட்டது. 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அந்த உரிமை இருக்கிறது. குடியிருப்போரின் தவறோ இயற்கைச் சீற்றமோ மட்டுமே நேரடிக் காரணம் என்றால்தான் விலக்கு. ஆகவே பழுது பார்க்கச் சொல்லி எழுத்தில் கொடுத்த மனுவின் நகல் பெரிய சான்றாக நிற்கும்.

பக்கத்துக் கட்டடம் ஆபத்தாக நின்றால் ஊராட்சிச் செயலாளருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எழுதலாம். தரவிதி மீறிய கட்டுமானத்தை ஆராய்ந்து நடவடிக்கைக்கு உத்தரவிட, பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 30ஆவது பிரிவு மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. மலையாளம் எழுத வராதென்று யாரும் தயங்க வேண்டாம். குறைதீர்க்கும் மனுவை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்க அரசியலமைப்பின் 350ஆவது பிரிவு உரிமை தருகிறது. விரிசலைத் தேதியோடு படமெடுத்து, மனுவைத் தமிழிலேயே எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.