கேள்வியும் தெளிவும்

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், சுங்குவார்சத்திரம் ஆகிய ஊர்களும் அவற்றுக்குத் தெற்கே உள்ள ஒரகடமும் தமிழ்நாட்டின் முதன்மையான தொழில் வட்டாரங்களுள் ஒன்றாகும். மகிழுந்துகளும் கைப்பேசிகளும் இங்கு உருவாகின்றன. பல மாவட்டங்களிலிருந்து வந்த இளம்பெண்கள் விடுதிகளில் தங்கி இத்தொழிற்சாலைகளில் பணிபுரிகின்றனர். உலகெங்கும் செல்லும் கைப்பேசிகள் உருவாகும் இவ்விடத்திலேயே, கைப்பேசி வழியாகப் பரவும் செய்தியை எவ்வாறு ஆராய்வது என்னும் வினாவும் ஒருமுறை கூர்மையாக எழுந்தது.

நெடுஞ்சாலையில் ஓர் இரவு

2021ஆம் ஆண்டு திசம்பர் மாதத்தின் நடுவில், பூவிருந்தவல்லி அருகே இருந்த ஒரு விடுதியில் உணவு உண்ட பெண் தொழிலாளர்கள் பலர் வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் துன்புற்றனர். அவர்கள் ஃபாக்ஸ்கான் நிறுவனத்தின் ஐபோன் தொழிற்சாலையில் பணிபுரிந்தவர்கள். 250க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். அவர்களுள் 159 பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். தோழியரின் உடல்நிலை குறித்துத் தெளிவான விடை கிடைக்காத நிலையில், சிலர் இறந்துவிட்டனர் என்னும் செய்தி வாட்சப் வழியாகப் பரவியது. திசம்பர் 17 இரவு பெண்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். மறியல் மறுநாளும் நீடித்தது. இறப்பு எதுவும் நிகழவில்லை என அரசு அலுவலர்கள் எடுத்துரைத்து, போராட்டம் முடிவுக்கு வந்தது.

இறப்புச் செய்தி பொய். எனினும், அத்துடன் ஆராய்ச்சியை முடித்துக்கொள்வோர் உண்மையின் பாதியை இழந்துவிடுவர். உணவு நஞ்சானது உண்மை. விடுதிகளில் இடநெருக்கடி இருந்ததும் உண்மை. அம்மாத இறுதியில் ஆப்பிள் நிறுவனம் அத்தொழிற்சாலையைக் கண்காணிப்பு நிலையில் வைத்தது; சில தங்குமிடங்களும் உணவுக்கூடங்களும் தான் வகுத்த தரத்திற்கு உட்படவில்லை என்றும் அறிவித்தது. மூடப்பட்ட தொழிற்சாலை 2022 சனவரியில்தான் மீண்டும் இயங்கத் தொடங்கியது.

ஒரே செய்தியில் மெய்யும் பொய்யும் கலந்திருக்கலாம் என்பதே இந்நிகழ்வு தரும் முதற்பாடம். முழுவதையும் நம்புவோர் இல்லாத இறப்புக்கு அழுகின்றனர். முழுவதையும் தள்ளுவோரோ, ‘எல்லாம் வதந்தி’ என்னும் ஒரு சொல்லால் உண்மையான குறையையும் மூடிவிடுகின்றனர். நெல்லையும் பதரையும் பிரிப்பது போலச் செய்தியைக் கூறுகளாகப் பிரிப்பதே திறனாய்வுச் சிந்தனையின் தொடக்கம் ஆகும்.

வதந்தி விளையும் நிலம்

வதந்தியைப் பரப்புவோர் அனைவரும் தீயவர் அல்லர். உடன் தங்கிய தோழி எங்கே இருக்கிறாள் என்று அறியாத ஒருவர், கிடைத்த செய்தியை அச்சத்தாலும் அன்பாலும் பகிர்கின்றார். விடை கிடைக்காத இடத்தை வதந்தி நிரப்புகின்றது. ஆகவே, உரிய நேரத்தில் உண்மையைச் சொல்வது பொறுப்பில் உள்ளோரின் கடமை. சொல்லப்பட்டதை ஆராய்வது கேட்போரின் கடமை.

வேண்டுமென்றே புனையப்படும் பொய்யும் உண்டு. 2023 மார்ச்சுத் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகக் கூறிக் காணொலிகள் பல பரப்பப்பட்டன. வேறு காரணங்களால் நிகழ்ந்த மோதல்களின் காட்சிகள் அவற்றுள் பல. தமிழ்நாடு காவல்துறை மறுப்பு வெளியிட்டது. பீகார் அரசின் அலுவலர் குழுவும் நேரில் வந்து விசாரித்தது. இங்குக் காட்சி மெய். அதனுடன் ஒட்டப்பட்ட விளக்கம் பொய். கண்ணால் கண்டது என்பதாலேயே ஒரு காணொலி சான்றாகிவிடாது என்பதை இது உணர்த்துகின்றது. அவ்வாண்டிலேயே தமிழ்நாடு அரசு, பரவும் செய்திகளை ஆராய்ந்து கூறத் தகவல் சரிபார்ப்பகம் ஒன்றை அமைத்தது.

அளவைகள்

அறிவு எவ்வழியாகக் கிடைக்கின்றது என்னும் ஆராய்ச்சி தமிழுக்குப் புதிதன்று. அறியும் வழிகளை முன்னோர் ‘அளவை’ என்றனர். மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைகள் பத்து எனக் கூறப்படுகின்றன. அவற்றுள் ஒன்று ‘ஐதிகம்’. ஒரு மரத்தில் பேய் இருக்கின்றது என உலகோர் சொல்லி வருவதைக் கொண்டு அதனைத் தெளிவது அதற்கு எடுத்துக்காட்டாகத் தரப்படுகின்றது. 29ஆம் காதையில் மணிமேகலைக்கு அறம் உரைக்கும் அறவண அடிகள், கண்டறிதலும் கருதியறிதலும் ஆகிய இரண்டையே அளவைகளாகக் கொள்கின்றார். பலமுறை பகிரப்பட்டது என்னும் குறிப்புடன் வரும் குறுஞ்செய்தி, இன்றைய ஐதிகம் எனலாம். வாட்சப்பில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட கைகள் மாறி வந்த செய்திக்கு இரட்டை அம்புக்குறி இடப்படுகின்றது. அக்குறி, செய்தி நெடுந்தொலைவு வந்துள்ளதைக் காட்டுமே அன்றி, அது மெய் என்று காட்டாது.

ஆராயும் முறை

ஒரு செய்தி வந்ததும், அதைக் கண்டவர் யார் என்று முதலில் கேட்டல் வேண்டும். ‘நண்பரின் நண்பர் சொன்னார்’ என்பது கண்டவரின் சொல் ஆகாது. அடுத்து, நாளும் இடமும் பெயரும் உள்ளனவா எனக் காணல் வேண்டும். இவை இல்லாத செய்தியைச் சரிபார்க்க இயலாது. சரிபார்க்க இயலாததை உறுதியெனச் சொல்லவும் கூடாது. மூன்றாவதாக, ஒன்றையொன்று சாராத வேறு இரு இடங்களில் அச்செய்தி உள்ளதா எனத் தேடுதல் வேண்டும். ஒரே செய்தியை நூறு குழுக்கள் பகிர்ந்தாலும் அது ஒரு சான்றே. படமாயின், தேடுபொறியில் அப்படத்தையே இட்டு, அது முன்னர் எங்கு வெளிவந்தது என்று அறியலாம்.

பள்ளிப்படிப்பை முடிக்கும் மாணவருக்கு இம்முறை உடனே பயன்படும். ஒரகடத்தில் உள்ள பெரிய நிறுவனம் ஒன்றில் வேலை உறுதி என்றும், முன்பணம் செலுத்துமாறும் ஒரு செய்தி வருவதாகக் கொள்வோம். நிறுவனம் மெய், வேலை என்பது ஆராய வேண்டிய கூற்று, முன்பணம் கேட்பது ஐயத்திற்குரிய அடையாளம். அந்நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் அவ்வறிவிப்பு உள்ளதா எனப் பார்த்த பின்னரே அடுத்த அடி வைத்தல் வேண்டும். இணையவழியில் பணத்தை இழந்தவர் 1930 என்னும் எண்ணில் உடனே முறையிடலாம்.

ஐயம் கொள்வது அறிவின் முடிவன்று; அது தேடலின் தொடக்கம். எதையும் நம்பாதவருக்கும் எல்லாவற்றையும் நம்புபவருக்கும் ஆராயும் உழைப்பு இல்லை. அன்று நெடுஞ்சாலையில் அமர்ந்த பெண்களுக்குத் தேவையாக இருந்தவை இரண்டு: தோழியர் உயிருடன் உள்ளனர் என்னும் உண்மை, தங்கள் குறையும் உண்மையே என்னும் ஏற்பு. இவ்விரண்டையும் ஒருங்கே காணும் பார்வையே கற்றவரிடம் எதிர்பார்க்கப்படுவது.